குறுக்கே பேச ஆளில்லாத வாதாபி

போன வருஷம் ‘சிவகாமியின் சபத’த்தைப் புதிய பதிப்பில் வாங்கினேன். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானதிலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் கெட்டி அட்டையிலும் கிடைக்கிறது, மலிவுத் தாளிலும் கிடைக்கிறது. எனக்கு வாய்த்தது நல்ல பதிப்பு. எழுத்து பெரிது, தாள் வெள்ளை, பிழை குறைவு. கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில், வேலை முடிந்த இரவுகளில் படித்து முடித்தேன். வாதாபி எரிந்தது, சிவகாமி ஊர் திரும்பினாள், மாமல்லர் கண்ணீர் விட்டார். ஆயிரம் பக்கத்துக்கும் நடுவில் ஒருவர்கூட “நிறுத்து நிறுத்து, இவன் யாரு புதுசா?” என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த நாவலை நான் முதலில் படித்தவள் இல்லை, கேட்டவள். திருவொற்றியூரில் கடலுக்கும் டி.எச். ரோடுக்கும் நடுவில் ஒரு தெரு. ஒரு பாதி மீன் பிடிக்கிற குடும்பங்கள், மறு பாதி கம்பெனி வேலைக்காரர்கள். எங்கள் அத்தை பால்வாடி டீச்சர். தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து, பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு ஒன்றை எடை போட்டு வாங்கி வந்தது. யாரோ ஒரு வாசகி வாராவாரம் பொறுமையாகச் சேர்த்த புத்தகம். அத்தியாயத்தின் முதுகில் வேறொரு சிறுகதையின் வால் இருக்கும், பற்பொடி விளம்பரம் இருக்கும், பாதியில் அறுந்த சமையல் குறிப்பு இருக்கும். அத்தை அதையும் விடாமல் படிக்கும். காஞ்சிக் கோட்டைக்குள் எதிரி நுழைந்துவிடுவானா என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, “பிறகு பெருங்காயம் சிறிதளவு” என்று வரும். தெருவே சிரிக்கும்.

நேரம் சாயங்காலம். முதல் ஷிப்ட் போனவர்கள் திரும்பி, குளித்து, டீக்கடைப் பக்கம் போன பிறகு, இரண்டாம் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, பெண்களுக்குச் சமையலுக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அப்போதெல்லாம் கடிகாரத்தைவிடச் சங்குதான் நம்பகம். பூ கட்டுகிறவர்கள் நாரோடு வருவார்கள். கருவாடு காயப்போட்டிருப்பவர்கள் காக்காய் ஓட்டக் குச்சியோடு வருவார்கள். மீன்கார ஆயா காசிமேட்டில் ஏலத்துக்குப் போய், கூடை தூக்கித் தெருத்தெருவாக விற்று முடித்து, அலுமினியக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். விளக்கு அடிக்கடி போகும். எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் புகையைக் கக்கிக்கொண்டிருக்க, எங்கள் வாசலில் சிம்னி விளக்கில் பல்லவ சாம்ராஜ்யம் நடக்கும்.

கல்கி இந்தக் கதையைத் தன் பத்திரிகையில் 1944இல் தொடங்கி 1946 வரை எழுதினார். மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஓர் இரவில் கதை மனத்தில் எழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 642இல் மாமல்லர் என்கிற நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியை, அதாவது இன்றைய பாதாமியை, பிடித்தது சரித்திரம். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் பாதாமிப் பாறையில் இருக்கிறது. படை நடத்திய பரஞ்சோதிதான் பிறகு சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரியபுராண மரபு. சிவகாமிக்கு மட்டும் எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. கல்கியின் மூளையில் பிறந்த பெண் அவள். அதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து வாசலில் சொன்னபோது ஒருத்தரும் மதிக்கவில்லை. “கல்லுல எழுதறவன் அவளைப் பத்தி ஏன் எழுதப்போறான்?” என்றது பூக்கார அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

தனியாகப் படிக்கும்போது கல்கியின் குறைகள் கண்ணில் படுகின்றன. மாமல்லரின் அப்பா மகேந்திர பல்லவர் வேஷம் மாறுகிறார், திரும்பவும் மாறுகிறார், நமக்கு அலுக்கிற வரைக்கும் மாறுகிறார். எழுத்தாளர் கதையை நிறுத்திவிட்டு நம்மிடம் பேச வருகிறார். போன அத்தியாயத்தில் சொன்னதை இந்த அத்தியாயத்தில் திரும்பச் சொல்கிறார். வாசலில் இவை எதுவும் குறையாகத் தெரிந்ததில்லை. மகேந்திரர் வேஷம் மாறினால் மகாராணி தியேட்டரில் எம்.ஜி.ஆர். ஒட்டு மச்சத்தோடு வருகிற மகிழ்ச்சி. “அவன்தான்டி, அவன்தான், குரலைக் கேட்டியா” என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் போட்டி. பழையதைத் திரும்பச் சொல்வதும் தேவையாக இருந்தது. நேற்று வராதவர்களும், நடுவில் தண்ணி லாரி வந்து குடத்தோடு ஓடினவர்களும் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே. கல்கி அப்படி எழுதியது வாரத்துக்கு ஒரு தடவை வந்து உட்காருகிறவர்களுக்காக. ஒரே மூச்சில் விழுங்குகிற என்னைப் போன்றவளுக்காக இல்லை.

காஞ்சிபுரம் எங்களுக்குத் தூரத்து ஊராகவும் இல்லை. பக்கத்தில் காலடிப்பேட்டை. 18ஆம் நூற்றாண்டில் கும்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை அது. அவரிடம் வேலை பார்த்த ஒருவர் தினமும் காஞ்சி வரதராஜரைப் பார்க்கப் போய் வந்ததால், அந்தப் பெருமாளை இங்கேயே கொண்டுவந்து கோயில் கட்டினார்கள் என்பது ஊர்க்கதை. அதனால் காஞ்சி முற்றுகை நடந்தபோது காலடிப்பேட்டைக்காரப் பாட்டி ஒருத்தி, தன் சொந்தக்காரர்களை அடைத்துப்போட்டுவிட்ட மாதிரியே பரிதவித்தாள். நகரத்தில் தானியம் எத்தனை நாளுக்கு இருக்கும் என்று படி கணக்குப் போட்டாள்.

ஆனால் கதை சூடு பிடித்தது சபதத்தில்தான். சிவகாமியைச் சிறை பிடித்து வாதாபிக்குக் கொண்டுபோகிறார்கள். ஆயனச் சிற்பியின் மகள், சபையில் ஆடின பெண், நாற்சந்தியில் ஆட வேண்டும். ஆடாவிட்டால் தமிழ்நாட்டிலிருந்து இழுத்து வந்த ஜனங்கள் முதுகில் சவுக்கடி விழும். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் சபதம்: மாமல்லர் படையோடு வந்து இந்த நகரத்தைக் கொளுத்தித் தன்னை அழைத்துப்போகும் வரையில் இந்த ஊரை விட்டு நகர மாட்டாள். பிறகு மாமல்லரே பரஞ்சோதியோடு மாறுவேஷத்தில் வந்து கூப்பிடுகிறார். அவள் வரவில்லை.

அன்றைக்கு வாசல் இரண்டாகப் பிரிந்தது.

“இன்னா டீச்சர் இது? கூப்ட வந்துக்கிறான், ஏறிப் போவாளா, சட்டம் பேசிக்கினு நிப்பாளா?” என்றது மீன்கார ஆயா. “கடல்ல கவுந்தவன் கை நீட்டின படகுல ஏறணும். யார் படகு, எப்ப வந்த, ஏன் லேட்டுன்னு கேட்டுக்கினு இருப்பானா?”

ஆயா சொன்னதற்கு மறுபேச்சு இருக்காது என்றுதான் நினைத்தோம். லேத்துக்காரர் பெண்டாட்டி வாய் திறந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். அவள் புருஷன் வேலை பார்த்த கம்பெனியில் கதவடைப்பு நடந்து, பிறகு கதவு திறந்தது. வேலை நீக்கம் செய்தவர்களைத் திரும்பச் சேர்க்காமல் கேட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அந்த மனிதர் கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவர் போகவில்லை. துறைமுகத்தில் கூலி மூட்டை தூக்கினார், பிறகு மீன்பாடி வண்டி ஓட்டினார்.

“சபதம் போட்டவங்க வீட்ல அடுப்பு எரியாது ஆயா, எனக்குத் தெரியும்,” என்றாள் அவள். “ஆனா அந்தப் பொண்ணு திருட்டுத்தனமா ராத்திரில கிளம்பி வந்துட்டா, சவுக்கடி வாங்கினாங்களே, அவங்களை இன்னா பண்றது? அங்கியே விட்டுட்டு வர்றதா? தான் மட்டும் தப்பிக்கிறதா?”

அத்தை புத்தகத்தை மூடிவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. பின்னாளில் நான் விமரிசனக் கட்டுரைகள் படித்தேன். சிவகாமியின் பிடிவாதத்தைப் பெண்ணின் அகந்தை என்று எழுதினவர்களும் உண்டு, கதையை நீட்டக் கல்கி செய்த வேலை என்றவர்களும் உண்டு. லேத்துக்காரர் பெண்டாட்டி சொன்ன இடத்துக்கு ஒருவரும் வந்து சேரவில்லை. மாமல்லர் கூப்பிட்டது ஒருத்தியை. அங்கே கிடந்தவர்களோ ஆயிரக்கணக்கு.

எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சத்தியம், சபதம், பழி இவையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படிக்கிற சங்கதிகளாக இல்லாததற்குக் காரணம் கோயில். சுந்தரர் திருவொற்றியூரில்தான் சங்கிலியாரைப் பார்த்தார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் சாமர்த்தியமாக, சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும் என்று சிவனிடமே பேசி வைத்தார். சிவன் அந்தப் பக்கம் சங்கிலியிடம் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். கடைசியில் வசந்த விழாவுக்குத் திருவாரூர் போகும் ஆசையில் சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. ஒரு கண் திரும்பக் கிடைத்தது காஞ்சி ஏகம்பத்தில். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கதையை நேற்று பக்கத்துத் தெருவில் நடந்தது போலப் பேசிக்கொள்வார்கள். பெரிய மனுஷன், சாமிக்கே சினேகிதன், சொன்ன சொல் தவறினால் அவனுக்கும் கண் போகும். இந்த நீதியில் வளர்ந்தவர்களுக்கு மாமல்லர் ராஜா என்பதெல்லாம் பெரிதில்லை.

அதே கோயிலுக்குள் வட்டப்பாறையம்மன் இருக்கிறாள். மதுரையை எரித்த கண்ணகியின் உக்கிரம் இங்கே வந்துதான் அடங்கிற்று, வட்டமான பாறையால் மூடிக் குளிர்வித்தார்கள் என்று ஐதீகம். இளங்கோவடிகள் கண்ணகியைச் சேர நாட்டுக்கு அனுப்பி வானமேற்றினார். திருவொற்றியூர்க்காரர்கள் வடக்கே இழுத்து வந்துவிட்டார்கள். கம்பர் இந்தக் கோயிலில் இரவில் எழுதியபோது இந்த அம்மன்தான் பந்தம் பிடித்தாள் என்று இன்னொரு கதை. ஊரை எரித்தவள் ஒரு கவிராயருக்கு விளக்குப் பிடிக்க வந்தாள் என்கிற கற்பனையை யார் முதலில் செய்தார்களோ, அவர்களுக்குக் கோபம் தணிந்த பெண்களைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது. வாதாபி எரிகிற கட்டத்தில் பூக்கார அக்கா, “மதுர முடிஞ்சி இது ரெண்டாவது” என்று எண்ணிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அதன் கணக்கில் கண்ணகிக்கும் சிவகாமிக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை.

கல்லூரியில் ‘வுதரிங் ஹைட்ஸ்’ பாடமாக வந்தது. எமிலி பிரான்ட்டி 1847இல் எல்லிஸ் பெல் என்கிற ஆண் சாயல் பெயரில் வெளியிட்ட நாவல். காதலித்தவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொள்ள, ஹீத்கிளிஃப் இரண்டு தலைமுறை மீது பழி தீர்க்கிறான். வாளெடுக்காமல், சீட்டாட்டத்தாலும் அடமானத்தாலும் கல்யாணத்தாலும் இரண்டு வீட்டுச் சொத்தையும் பிடுங்கிக்கொள்கிறான். வகுப்பில் எல்லோரும் அந்தக் காட்டுத்தனமான காதலைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ நெல்லி டீன்மேல் கண். வீட்டு வேலை பார்க்கிற அந்த அம்மாள்தான் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் லாக்வுட்டுக்கு முழுக் கதையையும் சொல்கிறாள். அதுவும் வாய்வழியாக வருகிற கதைதான், மாலை நேரத்துக் கதைதான். கேட்பதற்குத்தான் அங்கே ஒரே ஒரு மந்தமான ஆள். எங்கள் ஆயாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் ஹீத்கிளிஃப்பை முதல் அடமானப் பத்திரத்திலேயே பிடித்திருக்கும். வட்டிக்கடை வாசலில் நின்று பழகின கண் அது.

வாசல் எப்போது கலைந்தது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. டி.வி. வந்தது, வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம். 1987இல் ராமாயணம் தொடங்கியபோது ஹிந்தி ஒரு வார்த்தை புரியாதவர்கள்கூட டி.வி. இருக்கிற வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானும் போனேன். அம்பு நடுவானில் மோதி வெடிப்பதற்கு முன்னால் அத்தையின் கரகரத்த குரல் எம்மாத்திரம்? ஆனால் டி.வி.க்கு முன்னால் யாரும் குறுக்கே பேசவில்லை. பேசினாலும் அது கேட்காது. ஆயாகூடச் சும்மா இருந்தது.

தெருவை எடுத்துக்கொண்டது கடல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே கரையோடு நகர்கிற மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டுத் தெற்கிலேயே தங்கியது. வடக்குக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் தரையைத் தின்றது. மெரினா அகலமாயிற்று, எங்கள் பக்கம் மெலிந்தது. சுண்டல் வாங்கிக்கொண்டு அந்த அகலமான மணலில் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் லேசாகக் கோபம் வரும், அநியாயமான கோபம்தான். பாறாங்கல் கொட்டித் தடுத்துப் பார்த்தார்கள். கல் நின்றது, சில வரிசை வீடுகள் நிற்கவில்லை. ஆட்கள் எர்ணாவூர்ப் பக்கம், மணலிப் பக்கம், சொந்தக்காரர் ஊர்ப் பக்கம் என்று போனார்கள். இப்போது காலடிப்பேட்டையில் மெட்ரோ நிற்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் விட்டார்கள். கண்டெய்னர் லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. கல்கி பத்திரிகையும் 2020இல் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போய்விட்டது. யாரும் இனித் தொடரைக் கிழித்து பைண்டு செய்ய முடியாது.

எனக்கு அந்தத் தெரு திரும்ப வேண்டும் என்றில்லை. மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வரும் வாடையும், குடத்தோடு நடுராத்திரியில் நின்ற வரிசையும் போனது போனபடி இருக்கட்டும். அந்தப் பேச்சுதான் வேண்டும். ஒரு பாத்திரம் செய்ததை ஏற்காமல் எழுத்தாளரையே நிறுத்திக் கேள்வி கேட்கிற, அந்தக் கேள்விக்குத் தன் வீட்டு அடுப்பையே சாட்சி சொல்ல வைக்கிற பேச்சு. படித்தவர்கள் கூடுகிற வாசகர் வட்டங்களுக்குப் போய்ப் பார்த்தேன். நன்றாகப் பேசுகிறார்கள். குறிப்பெடுத்து வந்து, தன் முறை வரும்வரை காத்திருந்து பேசுகிறார்கள். சிவகாமி மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

‘சிதைந்த கனவு’ என்கிற நான்காம் பாகத்தை அத்தை படித்தபோது கேட்க இருந்தது நானும் ஆயாவும்தான், சில நாள் லேத்துக்காரர் பெண்டாட்டி. வருஷக்கணக்கில் காத்திருந்து, வாதாபி சாம்பலாகி, சிவகாமி காஞ்சிக்கு வருகிறாள். வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது: மாமல்லருக்கு எப்போதோ பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கின்றன. பழி முடிந்தது, காதலுக்கு இடமில்லை. ஏகாம்பரநாதருக்கே தன்னைக் கொடுத்துவிட்டுச் சன்னதியில் ஆடுகிறாள். கோயில் பணிமகளிர் என்பதும் எங்கள் ஊருக்கு அந்நியமான சங்கதி இல்லை. ஆடுகிறவர்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் யாருக்கு எந்தப் பணி என்று திருவொற்றியூர்க் கோயிலில் பூசல் வந்து, 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர் காலத்தில் அதைத் தீர்த்துவைத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அத்தை அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட்டு, மாமல்லர் யாருக்கும் தெரியாமல் கோயிலில் நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிற இடத்தைப் படித்தது. படிக்கும்போது அத்தைக்கே குரல் கம்மிற்று. நான் அழுதேன்.

ஆயா அழவில்லை. அன்றைக்கு அவளை வரச் சொன்ன கட்சி ஆயா. ஆகையால் மாமல்லர் பக்கம் பேசும் என்று எதிர்பார்த்தேன்.

“அயுவட்டும்,” என்றது. “ராஜாதானே, இன்னா அவசரம் அவனுக்குக் கல்யாணத்துக்கு? இவ அங்க நடுரோட்டுல ஆடிக்கினு இருந்தப்ப இவன் பந்தல் போட்டுக்கினு இருந்திருக்கான். நல்லா அயுவட்டும்.” பிறகு லேத்துக்காரர் பெண்டாட்டி பக்கம் திரும்பி, “நீ அன்னிக்கு சொன்னது சரிதான்டி. ஆனா வந்திருக்கலாம் அவ,” என்றது. அவள் விடவில்லை. எப்படி வந்திருக்க முடியும் என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.